நாவலாசிரியர் வாய்மொழி – ஒரு வரலாற்று நோக்கு

நூலாசிரியர் தம் நூலைப் பற்றித் தாமே வாய்திறப்பதைத் தமிழ் மரபு எளிதில் ஏற்கவில்லை. சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார் என நன்னூலார் சுட்டுவோர் நால்வர்: நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு உடன்கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன். நூல் செய்தவனுக்கு இவ்வரிசையில் இடமில்லை. தற்புகழ்ச்சி தகாது என்பதே காரணம். மன்னன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதிலும், மாற்றார் தன்னைப் பழித்த காலையிலும் மட்டும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகளாக ஆக்கியோன் பெயர் தொடங்கிப் பயன் ஈறாக எட்டும், அவற்றோடு காலம், களம், காரணம் என மூன்றும் கூறப்படும். இவற்றுள் களம் என்பது நூல் அரங்கேறிய அவையேயன்றி எழுதப்பட்ட இடமன்று. எந்த வேளையில் எழுதினாய், எத்தனை முறை அடித்துத் திருத்தினாய், எந்த இடத்தில் மேலே செல்ல இயலாமல் நின்றாய் என்னும் வினாக்கள் அப்பதினொன்றில் அடங்கமாட்டா.

இன்றோ ஒரு நாவலாசிரியர் நம் போன்ற இலக்கிய அமைப்பின் கூட்டத்திற்கு வந்தால், அவர் உரை முடிந்ததும் முதலில் எழும் வினாக்கள் இவையே. பாயிரம் கேளாததை வாசகர் கேட்கின்றனர். ஆய்வு மாணவர்களோ ஒருபடி மேலே சென்று, ஆசிரியர் நேர்காணலில் கூறிய ஒரு தொடரை எடுத்து வைத்து, நாவலின் பொருள் இதுவே என முடித்துவிடுகின்றனர். ஆய்வேடுகளை மதிப்பிடும்போது இப்போக்கை நான் பலமுறை கண்டதுண்டு. சாட்சியே வந்து சொல்லிவிட்டபின் வழக்கு ஏது என்னும் மனப்பான்மை அது. ஆனால் நாவலாசிரியரின் வாய்மொழி என்பதும் ஓர் இலக்கிய வகையே. அதற்கும் தோற்றமும் வளர்ச்சியும் உண்டு. அது பேசுவனவும் உண்டு, மறைப்பனவும் உண்டு. அவ்வரலாற்றைச் சிறிது அறிந்துகொண்டால், அவ்வாய்மொழியில் எதை நம்பலாம், எதை ஐயுறலாம் என்பது தெளிவாகும்.

முன்னுரையிலிருந்து உரையாடலுக்கு

தமிழில் நாவல் தோன்றிய அன்றே பழைய விதி தளர்ந்தது. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை தாமே முன்னுரை எழுதினார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இந்நூலை எழுதப் புகுந்ததாக அவர் காரணம் காட்டினார். ஆசிரியனும் உடன்கற்றவனும் சொல்ல வேண்டியதை ஆக்கியோனே சொல்லத் தொடங்கிய தருணம் அது. முன்சீப்பாகப் பணிபுரிந்த ஒருவர் தம் நூலுக்குத் தாமே வாக்குமூலம் தந்தார் எனலாம். பிற்காலத்தில் முன்னுரை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. ஜெயகாந்தன் தம் நூல்களுக்கு எழுதிய முன்னுரைகளைக் கதைகளுக்கு இணையாக விரும்பிப் படித்தவர் பலர். அவற்றில் அவர் வாசகரோடு வழக்காடினார், எதிர்ப்பாளருக்கு விடை கூறினார். நன்னூலாரின் நான்காம் விலக்கு, அதாவது மாற்றார் பழித்த காலை, அவருக்கு முற்றும் பொருந்தும்.

எனினும் முன்னுரையில் குறுக்கே கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. ஆசிரியர் சொல்ல விரும்பியதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். எதிரே மற்றொருவர் அமர்ந்து, கேட்டுக் குறித்துக்கொள்ளும்போதுதான் இங்கு நாம் பேசும் வகை பிறக்கிறது.

ஐரோப்பாவில் இதன் முன்னோடியாகப் பலரும் சுட்டுவது எக்கர்மன் தொகுத்த கெதே உரையாடல்கள். 1823இல் வைமார் நகருக்கு வந்த எக்கர்மன், கெதே 1832இல் மறையும்வரை அவரோடு பழகினார். உரையாடல்களின் முதல் இரு பகுதிகள் 1836இலும் மூன்றாம் பகுதி 1848இலும் வெளிவந்தன. மூன்றாம் பகுதிக்கு, சொரே என்னும் மற்றொருவரின் குறிப்புகளையும் எக்கர்மன் பயன்படுத்திக்கொண்டார். ஆகவே கெதேயின் குரல் எனப் படிப்பது, பல ஆண்டு கழித்து ஒரு மாணாக்கன் நினைவிலிருந்தும் குறிப்பிலிருந்தும் கட்டி எழுப்பிய குரல். நம் மரபின் சொல்லில் கூறின், மாணாக்கன் செய்த நெடும்பாயிரம்.

செய்தித்தாள் புகுந்ததும் நிலைமை மாறியது. 1891இல் ழூல் யுரே என்னும் பிரெஞ்சு இதழாளர், இயற்பண்பியம் அழிந்துவிட்டதா என்னும் வினாவோடு அறுபத்து நான்கு எழுத்தாளர்களைத் தேடிச் சென்று 'எக்கோ தெ பாரி' நாளிதழில் வெளியிட்டார். சோலாவின் நண்பர் பால் அலெக்சி, அது அழியவில்லை என்றும் விளக்கக் கடிதம் பின்னே வருகிறது என்றும் தந்தி அடித்தது இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்ட நகைச்சுவை. யுரேயின் வினாக்கள் கட்சி பற்றியவை. யார் யாரோடு, யார் யாருக்கு எதிர் என்பதே அவற்றின் மையம். எழுதும் கைக்கு அருகே அவை செல்லவில்லை.

அந்தக் கைக்கு அருகே சென்றது 1953இல் பாரிசில் தொடங்கப்பெற்ற 'பாரிஸ் ரிவ்யூ' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழ். பீட்டர் மத்தீசன், ஹெரால்டு ஹ்யூம்ஸ், ஜார்ஜ் பிளிம்ப்டன் முதலிய இளம் அமெரிக்கர் சிலர் அதனை நடத்தினர். திறனாய்வுக் கட்டுரைகளைக் குறைத்து, படைப்பாளரையே பேசவைப்பது அவர்கள் கொள்கை. நாவல் கலை என்னும் தலைப்பில் அவர்கள் வெளியிட்ட உரையாடல்களே இவ்வகைக்கு இன்றளவும் இலக்கணமாக நிற்கின்றன. ஒலிப்பதிவுக் கருவி பரவாத தொடக்க நாள்களில் இருவர் சேர்ந்து சென்று, விரைந்து எழுதி, பின்னர் இருவர் குறிப்பையும் ஒப்பிட்டுக்கொள்வர். அச்சுக்குப் போகுமுன் படி எழுத்தாளரிடம் செல்லும். அவர் திருத்துவார், சேர்ப்பார், வெட்டுவார். உரையாடல் என்பது பெயரளவில்தான். அச்சில் நாம் காண்பது எழுத்தாளரின் கைபட்ட மற்றொரு படைப்பு.

பேழையுள் இருந்த நாவல்

அவ்விதழின் முதல் இதழில், 1953இல், உரையாடியவர் இ. எம். ஃபார்ஸ்டர். இந்தியருக்கு அவர் அயலவர் அல்லர். 1912–13இல் முதன்முறை இந்தியா வந்தவர். 1921இல் தேவாஸ் சமஸ்தானத்தில் மன்னரின் தனிச்செயலராகப் பணிபுரிந்தவர். பீகாரில் உள்ள பராபர் குகைகளே அவருடைய 'எ பாஸேஜ் டு இந்தியா'வில் மராபார் குகைகளாயின. அந்நாவல் வெளிவந்தது 1924இல். அதன்பின் அவர் நாவல் எதையும் வெளியிடவில்லை. அதாவது, நாவல் கலையைப் பற்றிப் பேச அழைக்கப்பெற்ற முதல்வர், இருபத்தொன்பது ஆண்டுகளாக நாவல் வெளியிடாதவர்.

உரையாடியோர் ஃபர்பேங்க், ஹாஸ்கல் என்னும் இருவர். அவர்கள் முதலில் கேட்டது, 'ஆர்க்டிக் சம்மர்' என்னும் நாவலை ஏன் முடிக்கவில்லை என்பது. ஃபார்ஸ்டர் தொழில்நுட்பமாகவே விடை தந்தார்: நாவல் ஒன்றைத் தொடங்குமுன் அதில் நிகழப்போகும் பெரிய நிகழ்ச்சி எது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும், அந்நாவலில் அது புலப்படவில்லை. மராபார் குகைகளைப் பற்றியும் கூறினார். அங்கே முதன்மையான ஒன்று நிகழும், அது நாவலின் நடுவிடமாகும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆனால் நிகழ்வது யாது என்பது தெரியவில்லை. அடேலாவுக்குக் குகையில் என்ன நேர்ந்தது எனத் தலைமுறை தலைமுறையாக மாணவர் விவாதித்து வருகின்றனர். எழுதியவருக்கே அது தொடக்கத்தில் தெரியாது என்னும் செய்தி, அந்நாவலைக் கற்பிக்கும் எவருக்கும் பெரும்பயன் தருவது. இத்தகைய செய்தியை வேறு எங்கிருந்தும் பெற இயலாது.

ஆனால் அதே உரையாடலில் ஒரு பெரும் மௌனம் உண்டு. முடிக்கப்படாத நாவலைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது, முடிக்கப்பட்ட நாவல் ஒன்று அவரிடம் அச்சேறாமல் இருந்தது. 'மோரிஸ்' என்னும் அந்நாவலை அவர் 1913–14இல் எழுதி, பின்னர் பலமுறை திருத்தி, நெருங்கிய நண்பர் சிலருக்கு மட்டுமே படிக்கத் தந்தார். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான காதலை, துன்ப முடிவின்றிச் சொல்லும் கதை அது. இங்கிலாந்தில் 1967வரை அத்தகைய உறவு தண்டனைக்குரிய குற்றம். ஃபார்ஸ்டர் 1970இல் மறைந்தார். மோரிஸ் 1971இல் வெளிவந்தது. அவருடைய 1911ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றில், தம்மால் எழுத இயன்றதும் எழுத அனுமதிக்கப்பட்டதுமான ஒரே பொருள் ஆண் பெண் காதல்தான் என்றும், அது தமக்குச் சலித்துவிட்டது என்றும் எழுதி வைத்திருக்கிறார். நாவல் எழுதுவதை ஏன் நிறுத்தினார் என்னும் வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி அந்நாட்குறிப்பில் கிடக்கிறது, நேர்காணலில் இல்லை.

இதனால் ஃபார்ஸ்டர் பொய் சொன்னார் என்பதன்று. அவர் சொன்னவை யாவும் உண்மையாகவே இருக்கலாம். சட்டமும் சமூகமும் அவர் வாயருகே ஒரு காவலனை நிறுத்தியிருந்தன. அக்காவலன் விட்டவை மட்டும் வெளியே வந்தன. இதில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அன்று வினாக் கேட்ட இருவருள் ஒருவரான ஃபர்பேங்க், பின்னர் ஃபார்ஸ்டரின் வாழ்க்கை வரலாற்றை 1977, 1978ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இளமையில் கேட்க இயலாத கேள்விக்கு, கால் நூற்றாண்டு கழித்து, கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு அவரே விடை எழுதினார். உரையாடலை மட்டும் படித்தவருக்குப் பாதி ஃபார்ஸ்டரே கிடைப்பார்.

முப்பத்தொன்பதும் நாற்பத்தேழும்

மறைப்புக்கு ஃபார்ஸ்டர் எடுத்துக்காட்டு எனின், உண்மைக்கு ஹெமிங்வேயைக் காட்டலாம். இது சிலருக்கு வியப்பளிக்கலாம். தம்மைப் பற்றிய கதைகளைப் பெருக்கிச் சொல்வதில் அவர் தயங்கியவர் அல்லர். 1958இல் பாரிஸ் ரிவ்யூவில் வெளிவந்த அவருடைய உரையாடலைப் பதிவு செய்தவர் பிளிம்ப்டன். கியூபாவில், ஹவானாவை அடுத்த சான் பிரான்சிஸ்கோ தெ பவுலா என்னும் ஊரில் இருந்த வீட்டின் படுக்கையறையே அவர் எழுதும் இடம். அவர் நின்றுகொண்டு எழுதுவார். மார்பளவு உயரமுள்ள நூலடுக்கின்மேல் தட்டச்சுப் பொறி இருக்கும். காலடியில் ஒரு மான்தோல். முதற்படி பென்சிலால் மெல்லிய தாளில். சுவரில் ஒரு மான்தலையின் கீழே, அட்டைப்பெட்டியைக் கிழித்துச் செய்த அட்டவணை. அதில் அன்றன்று எழுதிய சொற்களின் கணக்கு: 450, 575, 462, ஒரு நாள் 1250, மறுபடி 512. அதிகமாக எழுதிய நாள், மறுநாள் மீன்பிடிக்கச் செல்வதற்காக முன்கூட்டி உழைத்த நாள் என்பது பிளிம்ப்டன் தரும் விளக்கம்.

ஹெமிங்வே இவ்வுரையாடலை விரும்பவில்லை. எழுதும் தொழிலைப் பற்றி அதிகம் பேசினால் அது கெட்டுவிடும் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. பல வினாக்களுக்கு அவர் வாயால் விடை கூறாமல், அந்தப் பலகைமேலேயே எழுதித் தந்தார். பொருள் பற்றிய வினாக்களுக்கு எரிந்து விழுந்தார். குறியீடு என்ன என்று கேட்டால், கண்டுபிடிப்பது விமரிசகர் வேலை என்னும் போக்கில் தள்ளிவிட்டார். ஆனால் தொழில் பற்றிய ஒரு வினாவுக்கு மட்டும் தயக்கமின்றி ஓர் எண்ணைச் சொன்னார். 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது முறை திருத்தி எழுதியதாகச் சொன்னார். இடர்ப்பாடு என்ன என்று கேட்டபோது, சொற்கள் சரியாக அமைய வேண்டியிருந்தது என்பதற்கு மேல் அவர் விளக்கவில்லை.

வீறாப்பாகச் சொன்ன எண் எனப் பலர் இதனைப் படித்துச் சிரித்திருக்கக்கூடும். பாஸ்டனில் உள்ள கென்னடி நூலகத்தில் அவருடைய கையெழுத்துப் படிகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு அவருடைய பெயரர் ஷான் ஹெமிங்வே பதிப்பித்த பதிப்பு 2012இல் வெளிவந்தது. அதில் அந்நாவலுக்குரிய முடிவுகள், சிறு துணுக்குகள் உட்பட, நாற்பத்தேழு உள்ளன. நாவல் வெளிவந்தது 1929இல். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்ன எண், காப்பகத்தில் கண்ட எண்ணுக்குக் கீழேதான் நிற்கிறது. தற்புகழ்ச்சிக்கு அஞ்சாத மனிதர், இங்கே குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நாவலின் பொருள் என்ன, ஏன் எழுதினீர், ஏன் நிறுத்தினீர் என்னும் வினாக்களுக்கு எழுத்தாளர் தரும் விடை காவலுக்கு உட்பட்டது. எந்த நேரம், எந்த இடம், எந்தத் தாள், எத்தனை முறை என்னும் வினாக்களுக்கு அவர் தரும் விடை பெரும்பாலும் நேர்மையானது. காப்பகத்தில் சோதித்துப் பார்க்கவும் இயல்வது. பொருள் பற்றி ஆசிரியரிடம் கேட்பதும், தொழிலைப் பற்றி விமரிசகரிடம் கேட்பதும் தலைகீழ் வழக்கம் என்பது என் கருத்து. அதே இதழின் 1981ஆம் ஆண்டு உரையாடலில் கார்சியா மார்க்கேஸ், ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது என்று தெரிந்த கணமே மனநிலை மாறிவிடும் எனக் குறைபட்டுக்கொண்டார். தாமே இதழாளராக இருந்து பலரைக் கேள்வி கேட்டவர் சொன்னதால் இதற்கு எடை கூடுதல்.

விடியுமுன் ஒரு குவளைக் காப்பி

மூன்றாவதாக டோனி மாரிசன். அவருடைய பாரிஸ் ரிவ்யூ உரையாடல் 1993இல், அவர் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் வெளிவந்தது. எழுதும் முறை பற்றிக் கேட்டபோது அவர் கூறியது எளிய செய்தி. இருள் விலகுமுன் எழுந்து, ஒரு குவளைக் காப்பி போட்டுக்கொண்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்திருப்பார். அதன்பின்தான் எழுதத் தொடங்குவார். வெளிச்சத்திற்குள் நுழைவதற்கு முன்பே அங்கு இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு பென்சிலும் மஞ்சள் தாளும்.

படிப்போருக்கு இது அழகிய சடங்காகத் தோன்றும். ஆனால் அச்சடங்கின் பிறப்பையும் அவரே சொன்னார். இரு ஆண்பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். பதிப்பகத்தில் முழுநேர ஆசிரியர் பணி. இடையே கற்பித்தலும் உண்டு. பிள்ளைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்கு முன் கிடைத்த நேரம் அதுவே. பிள்ளைகள் வளர்ந்தபின் அத்தேவை நீங்கியது. ஆனால் தமக்கு அறிவு தெளிவாக இருக்கும் வேளை அதுவே எனக் கண்டுகொண்டு அதையே தொடர்ந்தார். அவருடைய முதல் நாவல் 1970இல், அவருக்கு முப்பத்தொன்பதாம் வயதில் வெளிவந்தது. ஏன் அவ்வளவு காலம் கழித்து என்று கேட்போர் அந்த அடுப்பங்கரை விளக்கைக் காண வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆண் எழுத்தாளரிடம் 'எங்கே எழுதுவீர்கள்?' என்று கேட்கிறோம். பெண் எழுத்தாளரிடம் 'உங்களுக்கு நேரம் எப்படிக் கிடைக்கிறது?' என்று கேட்கிறோம். இரண்டாம் வினா பெண்ணை இழிவு செய்வது எனச் சினந்து அதனைத் தவிர்க்கச் சொல்வோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. அவ்வினா நல்ல வினா. ஹெமிங்வே நின்று எழுதிய அந்த வீட்டில் சமைத்தவர் யார், விருந்தினரைத் தடுத்து நிறுத்தியவர் யார் என்பதையும் பிளிம்ப்டன் கேட்டிருக்கலாம். வினாவை எடுத்துவிடுவதைவிட, இருபாலாரிடமும் அதனைக் கேட்பதே முறை.

நம் பக்கத்தில்

தமிழில் இவ்வகை முதலில் 'பேட்டி' என வழங்கியது. சந்திப்பு எனப் பொருள்படும் வடநாட்டுச் சொல்லின் வழி வந்தது. 'நேர்காணல்' என்னும் சொல் பின்னர் நிலைபெற்றது. நேர்காணலை ஓர் இதழின் முதுகெலும்பாகவே ஆக்கியவர் கோமல் சுவாமிநாதன். நாடக ஆசிரியரான அவர் 1991இல் 'சுபமங்களா'வின் ஆசிரியப் பொறுப்பேற்று, 1995இல் மறையும்வரை அதனை நடத்தினார். மாதந்தோறும் ஒருவரோடு நீண்ட உரையாடல் வெளிவந்தது. பல அணிகளாகப் பிரிந்து நின்ற எழுத்தாளர்கள் ஒரே இதழில் ஒருவர்பின் ஒருவராகப் பேசினர். யுரேயின் வினாக்களைப் போல அணி சார்ந்த வினாக்கள் அவற்றில் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. மேசையும் தாளும் பற்றிய வினாக்கள் ஒப்பீட்டளவில் குறைவு. எனினும் தமிழ் எழுத்தாளரைப் பொறுமையாகப் பேசவைத்த பெருமை அதற்கு உண்டு.

மேசையைப் பற்றிப் பேசும்போது அசோகமித்திரன் நினைவுக்கு வருகிறார். 1952இல் செகந்தராபாத்திலிருந்து சென்னை வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் 1966வரை பணிபுரிந்து, பிறகு எழுத்தையே வாழ்வாகக் கொண்டவர். தியாகராய நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியவர். வீடு நெருக்கினால் ஓர் ஆண் பூங்காவுக்குச் செல்லலாம். அவர் தலைமுறையில் ஒரு பெண் பூங்காவில் தனியே அமர்ந்து பகல் முழுதும் எழுதியிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்ளட்டும். தண்ணீர் நாவலின் ஆசிரியருக்கு இது குறை கூறுவதன்று. இடம் என்பதும் பால் சார்ந்த செல்வம் என்பதைச் சுட்டவே.

இராஜம் கிருஷ்ணனின் வாழ்வு இதற்கு வேறொரு விடை. 1925இல் முசிறியில் பிறந்து, பதினைந்தாம் வயதிலேயே மணமுடித்து, கல்லூரி வாயிலைக் காணாதவர். மின்பொறியாளரான கணவரின் பணியை ஒட்டி நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் படுகர் வாழ்வை அருகிருந்து கண்டு எழுதியது குறிஞ்சித்தேன், 1963இல் வெளிவந்தது. வேருக்கு நீர் அவருக்கு 1973ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைத் தந்தது. ஓரிடத்தில் அமர்ந்து எழுத மேசை கேட்பதற்குப் பதிலாக, அவர் களத்தைத் தேடிச் சென்றார். கொள்ளைக்காரர் வாழ்வை எழுதச் சம்பல் பள்ளத்தாக்குக்கே போனார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே பழகி அவர் எழுதிய கரிப்பு மணிகள் 1979இல் வெளிவந்தது.

உப்பளத்தில் அவர் செய்தது என்ன? அவரே நேர்காணல் செய்தார். பாத்தியில் வெறுங்காலோடு நின்ற பெண்ணிடம் கூலி எவ்வளவு, கண் எப்போதிலிருந்து கூசுகிறது, பிள்ளையை எங்கே விட்டு வருகிறாய் என்று கேட்டறிந்தால்தான் அந்நாவலில் உள்ள செய்திகள் கைக்கு வரும். எழுத்தாளரிடம் நாம் கேட்க விரும்பும் வினாக்களை, அதாவது எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு உழைப்பு என்பவற்றை, அவர் உப்பு வாரும் பெண்களிடம் கேட்டார். நாவலாசிரியர் உரையாடல் என்னும் வகையைக் கேட்கப்படுபவர் பக்கமிருந்தே வரையறுத்து வந்துள்ளோம். இராஜம் கிருஷ்ணனைப் போன்றோரிடம் அது புரண்டு நிற்கிறது. நாவல் பிறப்பதே உரையாடலில். அவருடைய கள ஆய்வை மெச்சும் கட்டுரைகள் ஏராளம். ஆனால் ஒரு பெண் அறிமுகமற்ற ஊரில் எங்கே தங்கினார், முதற்சொல்லை எப்படித் தொடங்கினார், கேட்டதை அங்கேயே எழுதினாரா, இரவில் நினைவிலிருந்து எழுதினாரா என்னும் செய்திகளே அவர் நாவல் கலையின் திறவுகோல் என்பேன். கள ஆய்வு எனச் சொல்லி நகர்ந்துவிடுவது அவரை ஒரு புள்ளிவிவரத் தொகுப்பாளராகக் குறுக்கிவிடுகிறது.

அவருடைய நூல்கள் 2009இல் அவர் வாழ்ந்துகொண்டிருந்தபோதே நாட்டுடைமை ஆக்கப்பட்டன. மறைந்தவர்க்கே பெரும்பாலும் வாய்க்கும் அச்சிறப்பு, முதுமையில் வறுமையும் நோயும் சூழ, தமக்கென ஒரு வீடின்றி இருந்த ஒருவரின் மருத்துவச் செலவுக்கு உதவும் வழியாக வந்து சேர்ந்தது. 2014 அக்டோபரில் மறைந்தார். எழுத்து வாழ்க்கை என்று நாம் சொல்லும்போது வருமானத்தையும் அதில் சேர்க்க வேண்டும். பாரிஸ் ரிவ்யூவின் வினாக்களிலும் இது அருகியே வருகிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் எழுதிய ஒருவருக்கு எழுத்து என்ன ஈட்டித் தந்தது என்னும் கணக்கு, தமிழ் நாவல் வரலாற்றில் ஓர் அதிகாரமாக அமைய வேண்டியது.

பெண் எழுத்தாளரின் குரலை முறையாகச் சேமிக்கும் முயற்சி நம்மிடையே நிகழாமல் இல்லை. அம்பை என்னும் பெயரில் சிறுகதை எழுதும் சி. எஸ். லக்ஷ்மி, தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றிய தம் ஆய்வை 1984இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் இணைந்து 1988இல் மும்பையில் 'ஸ்பாரோ' என்னும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். பெண்களின் வாழ்வையும் எழுத்தையும் அவர்கள் குரலிலேயே பதிந்து வைப்பது அதன் பணி. படைப்பாளர் ஒருவர் பிற படைப்பாளரின் முன் கேட்பவராக அமர்வது தமிழுக்குக் கிடைத்த நற்பேறு. கேட்கத் தெரிந்தவருக்கு, விடையில் எங்கே காவலன் நிற்கிறான் என்பதும் தெரியும்.

காலம் கடந்தபின் எஞ்சும் சிறு செய்தி எவ்வளவு சொல்லும் என்பதற்கு வை. மு. கோதைநாயகி அம்மாளைக் காட்டலாம். 1901இல் பிறந்து 1960இல் மறைந்தவர். நூற்றுப் பதினைந்து நாவல்கள் எழுதியவர். 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தியவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர், சிறையிலும் எழுதியவர். குழந்தை மணம் செய்விக்கப்பட்டு, பள்ளி செல்லாத அவருக்குத் தொடக்கத்தில் கோவையாக எழுதும் பயிற்சி இல்லை. கதை சொல்லும் ஆற்றல் இருந்தது. ஆகவே இந்திரமோகனா என்னும் தம் முதல் படைப்பாகிய நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அந்நாடகம் 1924இல் அச்சாயிற்று. எத்தனை நாள், பகலிலா இரவிலா, எந்த இடத்தில் பட்டம்மாள் எழுதுகோலை நிறுத்தி இது சரியில்லை என்றார், கோதைநாயகி அதை மாற்றிச் சொன்னாரா என்பன போன்றவை அந்த இரு பெண்களுக்கு மட்டுமே தெரிந்தவை. நன்னூலாரின் நால்வரில் உடன்கற்றவனுக்கு இடமுண்டு. உடனிருந்து எழுதியவளுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.